சிவப்பு டேஷ்போர்டும் நாலு சுவிட்சும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பாள் என் மனைவி. நுனியில்கூட இல்லை, அதற்கும் இரண்டு அங்குலம் முன்னால் என்று என் மகள் ஆங்கிலத்தில் திருத்துவாள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அந்தக் கோபத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முந்தைய நல்ல மாதங்களை முதலில் சொல்லியாக வேண்டும். அவற்றைச் சொல்லும்போதுதான் எனக்கே கொஞ்சம் மனசு ஆறுகிறது.

அமெரிக்காவில், சான் ரமோன் என்ற ஊரில், எங்கள் வீட்டு கராஜில் மூன்று வருடமாக ஒரு கார் நின்றது. முழுக் கார் என்று சொல்ல முடியாது. ஹாட் ராட் என்று இங்கே ஒரு பைத்தியம் உண்டு. அந்தக் காலத்துக் காரின் உடம்பு ஒன்றை வாங்கி, அதற்குள் பெரிய எஞ்சினைத் திணித்து, மிச்சம் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து ஓட்டுவது. மெக்கானிக்கல் படித்துவிட்டு, பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் ஒரு போல்ட்டைக்கூடத் திருகாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவனுக்கு வேறு என்ன பைத்தியம் பிடிக்கும்?

"ஓடாத காருக்குக் கூரை, ஓடுற ரெண்டு காருக்கும் வெயில். நல்ல நியாயம்டா சாமி" என்று என் மனைவி மாதம் ஒருமுறையாவது சொல்வாள். நான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அவன் வந்தது அப்படி ஒரு நாளில்தான். கராஜ் கதவைத் திறந்து வைத்து, காருக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் ஏதோ வயரை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருக்கும் அப்பார்ட்மெண்டில் குடியிருந்தவன், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தினமும் எங்கள் தெரு வழியாகப் போவான். பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்கு வண்டி நின்றது. இரண்டு செருப்புக் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"ஏனுங்ணா, அந்த எர்த் வயர அங்க குடுத்தீங்கன்னா, ஹாரன் அடிக்கிறப்பல்லாம் லைட்டு மங்குமுங்க."

முன்பின் பேசியது கிடையாது. வணக்கம் கிடையாது. எடுத்தவுடன் குற்றம் கண்டுபிடிக்கிறான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று அடியிலிருந்தே சொன்னேன். செருப்புக் கால்கள் கொஞ்ச நேரம் நின்றன, பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டன. அடுத்த வாரம் ஹாரனை அமுக்கினேன். விளக்கு மங்கியது. அந்தச் சாயங்காலமே தெருவில் நின்று அவன் வரும் வரை காத்திருந்து, கூப்பிட்டுக் காபி கொடுத்தேன்.

ஈரோட்டுக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. எலெக்ட்ரிகல் படித்துவிட்டு அவனும் கம்ப்யூட்டரில்தான் விழுந்திருந்தான், ஆனால் கை மட்டும் படிப்பை மறக்கவில்லை. நான் சென்னைக்காரன். அவனுடைய 'ங்ணா'வைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். என்னுடைய 'இன்னாடா'வைக் கேட்டால் அவனுக்குச் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும். வேலையைப் பிரித்துக்கொண்டோம். இரும்பும் பெயிண்டும் எனக்கு, வயரெல்லாம் அவனுக்கு.

டேஷ்போர்டுதான் எங்களுக்குக் கடைசியாக மிஞ்சிய பெரிய வேலை. தகட்டை வெட்டி, வளைத்து, ஐந்து மீட்டருக்கும் நாலு சுவிட்சுக்கும் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். தேய்ப்பதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் மெல்லிசு, அப்புறம் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு மேடு தட்டுப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. "கல்யாணப் பொண்ணு முகத்துக்குக்கூட இவ்வளவு பண்ண மாட்டாங்க" என்றாள் மனைவி.

பெயிண்ட் அடிக்கும் நாளன்று கராஜில் ஒரு பொட்டுத் தூசி பறக்கக்கூடாது. தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். கோலம் போடாததுதான் பாக்கி. துணி மாட்டும் ஹேங்கர் கம்பியில் தகட்டைத் தொங்கவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். நிறத்தை நானே கலந்தேன். கருஞ்சிவப்பு, அதில் கொஞ்சம் காவி. இரண்டு நாள் கழித்து, பளபளவென்று இருந்த தகட்டை அவனுக்குப் பெருமையாகக் காட்டினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இது நம்மூரு ரெட் ஆக்சைடு தரைதானுங்ணா? பாயைப் போட்டுப் படுத்துரலாம்னு இருக்குது."

அரை மணி நேரம் நான் அவனோடு பேசவில்லை. மூன்று வாரம் தேய்த்தவனிடம் தரை என்றால் கோபம் வராதா? அவன் பாட்டுக்கு வயர் வெட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் நானும் பார்த்தேன். நிஜமாகவே அந்தத் தரைதான். சின்ன வயதில் மத்தியான வெயிலுக்கு வெறும் முதுகோடு படுத்துக் கிடந்த அதே சிவப்புத் தரையை, எனக்கே தெரியாமல் கலந்து வைத்திருக்கிறேன். சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அன்றைக்கு மனைவி வைத்த ரசத்தில்கூட பெயிண்ட் வாடை அடித்தது, நானும் அவனும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

அவன் வேலை செய்கிற விதம் தனி. ஒவ்வொரு வயரின் நுனியிலும் காகித டேப் ஒட்டி, அதில் தமிழில் எழுதுவான். விசிறி. பெரிய லைட்டு. எண்ணெய் முள். "நாளைக்கு வேற எவனாவது ரிப்பேர் பண்ண வந்தா என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். "வேற எவன் வரப்போறானுங்ணா, நான்தான வருவேன்" என்றான். பத்துப் பதினைந்து வயர்களைச் சேர்த்துக் கட்டும்போது பிளாஸ்டிக் பட்டை போட மாட்டான். மெழுகு தடவிய நூலை எடுத்து, இரண்டு விரலில் சுற்றி, சரக் சரக்கென்று முடிச்சுப் போட்டு இழுப்பான். பூ கட்டுகிற அதே முடிச்சு. அவன் அம்மா கட்டுவதைப் பார்த்துப் பழகியதாம்.

"என்னடா, கட்டி முடிச்சதும் தலையில வச்சுக்கலாமா?" என்றேன்.

"உங்க தலையில வைக்க முடி எங்கீங்ணா இருக்குது?"

இதைக் கேட்டு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தச் சனிக்கிழமைகளைப் போல இன்னொரு காலம் எனக்கு அமையுமா என்று தெரியவில்லை.

அப்படி ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், ஒரு நாள் சொன்னான்.

"வேலை போயிருச்சுங்ணா."

அவன் கம்பெனியில் ஒரு குழுவையே மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அறுபது நாள். அதற்குள் இன்னொரு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். எனக்கு கிரீன் கார்டு வந்து பல வருடமாகிவிட்டது, அந்தப் பயமெல்லாம் மறந்தே போயிருந்தது. "அதெல்லாம் கிடைச்சுடும், விடு" என்றேன். அவனும் அப்படித்தான் நினைத்தான். முதல் மாதம் முழுக்க இன்டர்வியூ இன்டர்வியூ என்று அலைந்தான். இரண்டாவது மாதம் தொடங்கியதும், மனைவியையும் குழந்தையையும் முன்னதாக ஊருக்கு அனுப்பிவிட்டு, தனியாக நின்று பார்த்தான். எதுவும் அமையவில்லை. வீட்டுச் சாமானெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. எங்கள் வீட்டுக்கு அவனுடைய கிரைண்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டான்.

"போறதுக்குள்ள ஒரே ஒரு ரவுண்டு போயிரோணுங்ணா" என்றான். "தெரு முனை வரைக்கும் போயிட்டு வந்தாப் போதும்."

"நீதான் ஓட்டப்போற. நான் பக்கத்துல உட்கார்றேன்."

"வேண்டாங்ணா, ஸ்டியரிங் உங்களுது. எனக்கு அந்தப் பக்கத்து சீட்டு போதும்."

சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன், கண்டிப்பாகப் போகிறோம் என்று. அவன் வேலை எல்லாம் முடிந்திருந்தது. பாக்கி இருந்தது என் பெயிண்ட்தான். கடைசி வார்னிஷ் பூச்சில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது. மீட்டர் ஓட்டைக்குப் பக்கத்தில், கால்களை விரித்துக்கொண்டு, சரியாக. அதை ஊசியால் எடுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். அவன் அதைத்தான் சொன்னான். நான் கேட்பேனா? முழுவதையும் தேய்த்து மறுபடி அடித்தேன். அதில் பத்து நாள் போயிற்று. வெள்ளிக்கிழமைச் சாயங்காலம்தான், அவன் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், டேஷ்போர்டு எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது.

பழைய போர்வையை விரித்து அதன்மேல் வைத்தோம். அவன் மீட்டர்களையும் நாலு சுவிட்சுகளையும் ஓட்டைகளில் பொருத்தி, பின்னால் வயர்களை மாட்டினான். அந்தக் காலத்து மாதிரி சின்ன இரும்புக் குச்சி வைத்த சுவிட்சுகள். பெட்ரோல் பம்ப், விசிறி, முன்விளக்கு, மீட்டர் விளக்கு. எந்தப் பக்கம் ஆன், எந்தப் பக்கம் ஆஃப் என்று எழுதுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ஒரு பேட்டரியும் பல்பும் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். நான் எதிரே உட்கார்ந்து மீட்டர் கண்ணாடியில் இருந்த விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. நாலும் சரி. நான் பல்பைத்தான் பார்த்தேன், அவன் விரலைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை அதைக் காரில் மாட்டினோம். இரண்டு ஓரமும் உடம்புக்குள் இறுக்கமாகப் போய் உட்காரும்படி செய்திருந்தேன். உராயாமல் இருக்க டேப் ஒட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "மெல்ல, மெல்ல" என்று நான் கத்த, ஒரு மணி நேரம் ஆனது. உட்கார்ந்ததும் இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். எவ்வளவு அழகு! சிவப்புத் தரையில் ஐந்து வெள்ளித் தட்டு வைத்த மாதிரி இருந்தது. என் மனைவி திருநீறு கொண்டுவந்து ஸ்டியரிங்கில் வைத்தாள். டேஷ்போர்டில் வைக்க நான் விடவில்லை.

சாப்பிட்டுவிட்டு நான் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். அவன் பின்னால் போய் பெட்ரோல் டாங்கிப் பக்கத்தில் குனிந்துகொண்டான், பம்ப் ஓடும் சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்கும். சாவியைத் திருப்பினேன். பேட்டரி மீட்டரின் முள் எழுந்தது. உயிர் வந்துவிட்டது.

"பம்ப் சுவிட்ச் போட்டாச்சுங்களாண்ணா?"

சுவிட்சுகளைப் பார்த்தேன். நாலு குச்சியும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. "எல்லாம் ஆன்லதான் இருக்கு" என்றேன்.

"சத்தமே இல்லீங்களே. லைட்டு?"

இறங்கிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை. மீட்டருக்குள்ளும் வெளிச்சம் இல்லை. அவன் முன்னால் வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தான். "நாலும் ஒண்ணா போகாதுங்ணா. நாலுக்கும் சேத்துப் போற வயரு ஒண்ணு பின்னால இருக்குது, அது கழண்டிருக்கோணும். டேஷ்போர்ட எடுத்தா ஒரு நிமிஷ வேலை."

"எடுக்கறதா? இப்பதானே மாட்டினோம்! ஓரமெல்லாம் உராஞ்சுடும். வார்னிஷ் இன்னும் முழுசா காயக்கூட இல்ல."

"உராஞ்சா மறுபடி அடிச்சுக்கலாங்ணா."

சுலபமாகச் சொல்லிவிட்டான். எனக்கு அப்போதே கொதிக்க ஆரம்பித்துவிட்டது. "கீழ படுத்துக் கைய விட்டுப் பாரு" என்றேன். அவன் டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து, மல்லாந்து படுத்து, டெஸ்டரைப் பிடித்த கையை மேலே நுழைத்தான். இடமே இல்லை. முகமெல்லாம் வேர்த்து, கண்ணில் தூசி விழுந்து, தடவித் தடவிப் பார்த்தான். கையை வெளியே இழுக்கும்போது டெஸ்டரின் முனை டேஷ்போர்டின் கீழ் ஓரத்தில் உரசியது. கீறல். ஒரு தலைமுடி அகலம், ஒரு விரல் நீளம்.

அவ்வளவுதான். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

என்னென்னவோ கத்தினேன். கை வைக்கத் தெரியாதவனெல்லாம் ஏன் கை வைக்கிறாய் என்றேன். வயரைப் பூ மாதிரி கட்டினால் போதுமா, கரண்ட் போக வேண்டாமா என்றேன். அவன் எழுந்து நின்று, "சாரிங்ணா, பாலிஷ் போட்டா போயிரும்" என்றான். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பாவி, இருந்தேனா?

"உனக்கென்னடா? நாளைக்கு ஃபிளைட் ஏறிப் போயிடுவ. நான்தான் இங்க இருந்து இதையெல்லாம் பாத்துக்கணும்!"

சொன்ன அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவுப் பக்கம் நின்ற மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். இந்த ஊரில் இன்னும் ஒரு நாள் இருக்க முடியாதா என்று இரண்டு மாதம் அலைந்தவனிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவன் டெஸ்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். வெட்டிப் போட்ட வயர்த் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டான். "வரேனுங்க்கா" என்று என் மனைவியிடம் சொன்னான். என்னைப் பார்த்தும் தலையாட்டினான், பழக்கமாவதற்கு முன்னால் தெருவில் ஆட்டுவானே, அந்த மாதிரி. செருப்புச் சத்தம் தெரு திரும்பும் வரைக்கும் கேட்டது.

மறுநாள் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டு விடுவதாக இருந்தது. காலையில் மனைவியின் போனுக்குச் செய்தி வந்தது, டாக்சி சொல்லிவிட்டேன், அண்ணனுக்குச் சிரமம் வேண்டாம் என்று. "போன் பண்ணுங்க, ஒரு வார்த்தை சாரி சொல்லுங்க" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். பண்ணலாம், பண்ணலாம் என்றேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் காரின் மேல் துணியைப் போட்டு மூடினேன். அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. எரிச்சல் கார் மேல் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

நாளை கூப்பிடலாம் என்று ஒரு வாரம் போனது. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால் என்ன நினைப்பான் என்று ஒரு மாதம் போனது. ஒரு மாதம் ஆன பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

எட்டாவது மாதம் மனைவி வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். திருப்பூரில். மூன்று பேரும் போனோம், மச்சான் வீட்டில் மூன்று வாரம் தங்கினோம். முதல் நாளே எனக்கும் அந்த வீட்டு சுவிட்சுகளுக்கும் தகராறு. இங்கே அமெரிக்காவில் சுவிட்சை மேலே தள்ளினால் எரியும், நம் ஊரில் கீழே தட்டினால் எரியும். பதினெட்டு வருடத்தில் என் கை மாறிவிட்டிருந்தது. குளியலறைக்குப் போய் எரிகிற விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நிற்பேன். ஃபேன் போடப் போய் ஃபேனை நிறுத்துவேன். "மாப்பிள்ளைக்கு அமெரிக்கக் கை வந்துடுச்சு" என்று மச்சான் கல்யாணப் பந்தலில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்கினார். இரண்டாவது வாரத்தில் கை பழைய வழிக்கு வந்துவிட்டது. சான் ரமோன் திரும்பி இறங்கிய அன்று எங்கள் வீட்டு மாடி விளக்கைக் கீழே கீழே தட்டிக்கொண்டு நின்றேன். "அப்பா, இட்ஸ் அப்!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் ஞாயிறு. தூக்கம் மாறியதில் விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. காபி போட்டுக் குடித்து, வேறு வேலை இல்லாமல் எட்டு மணிக்கு கராஜ் கதவைத் திறந்தேன். இந்தக் காரை ஏதாவது பண்ணியாக வேண்டும் என்று மனைவி விமானத்திலேயே சொல்லியிருந்தாள். துணியை உருவினேன். பேட்டரியை சார்ஜரில் போட்டு வயரை மாட்டினேன். சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முள் எழுந்தது. வேறொன்றும் யோசிக்கவில்லை. கை போய் முதல் சுவிட்சைக் கீழே தட்டியது.

பின்னால் டாங்கிப் பக்கத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம்.

இரண்டாவதைக் கீழே தட்டினேன். விசிறி சுற்றியது. மூன்றாவது. கராஜின் எதிர்ச் சுவரில் விளக்கின் வெளிச்சம் விழுந்தது. நாலாவதைத் தட்டியதும் ஐந்து மீட்டரும் உள்ளிருந்து எரிந்தன. எந்த வயரும் கழன்றிருக்கவில்லை. எல்லாம் வெள்ளிக்கிழமை அவன் மாட்டியபடியே இருந்தது. அவன் கை ஊர்க் கை, கீழே தட்டினால் ஆன் என்று மாட்டியிருக்கிறான். என் கை இந்த நாட்டுக் கை. மேலே பார்த்து நின்ற குச்சிகளை ஆன் என்று சொல்லிவிட்டு, தொட்டுக்கூடப் பார்க்காமல் அவனைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அவனும் என் வார்த்தையை நம்பி சுவிட்சைப் பார்க்கவில்லை. ஒரு விரலை அசைத்திருந்தால் போதும். தெரு முனை வரை போய் வந்திருப்போம்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தைந்து வயது ஆம்பளை, ஞாயிற்றுக்கிழமை காலையில், கராஜ் கதவு திறந்து கிடக்க. யார் பார்த்தால் என்ன?

பிறகு போனை எடுத்தேன். ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணா! சொல்லுங்ணா."

எட்டு மாதம் ஆன மாதிரியே இல்லை அவன் குரல். நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். சுவிட்சு எல்லாம் சரிதான்டா, தலைகீழாக் கெடக்குடா, நான்தான் பாக்கல, நீ மாட்டின வயர்ல ஒரு குத்தமும் இல்ல என்றேன்.

"தெரியுங்ணா" என்றான். "வந்து எறங்குன அன்னிக்கே தெரிஞ்சுருச்சு. வீட்டுல லைட்டு போட்டேனுங்க, அப்பத்தான் பொறி தட்டுச்சு. மாட்டும்போது நான் யோசிக்கவே இல்லீங்ணா, கை பாட்டுக்குப் போட்டுருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாமுங்க." தட்டை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. "நீங்களா ஒரு நாளைக்குக் கூப்புடுவீங்கன்னு இருந்தேனுங்ணா."

அன்றைக்கு ஃபிளைட் பற்றிச் சொன்னதற்கு மன்னித்துவிடு என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, சொன்னேன் என்பது மட்டும் நிச்சயம். "அது வலிச்சுதுங்ணா" என்றான். பரவாயில்லை, விடுங்கள் என்று அவன் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும். பிறகு அவனே கேட்டான், "வண்டிய ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்ணா, கேக்கறேன்."

போனைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். எட்டு மாதப் பழைய பெட்ரோல். இரண்டு முறை இருமியது, மூன்றாவது முறை கராஜே அதிர்ந்தது. அலமாரியிலிருந்து டப்பாக்கள் உருண்டன. மனைவி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள், பின்னாலேயே மகள் காதைப் பொத்திக்கொண்டு. எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். நான் எதையும் கவனிக்கவில்லை. ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போனை எடுத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்குதுங்ணா சத்தம்" என்றான். "அந்தக் கீறல் போயிருச்சுங்களா?"

"இல்லடா, அப்படியேதான் இருக்கு."

"பாலிஷ் போடுங்ணா, போயிரும்."

போடவில்லை. அடுத்த சனிக்கிழமை மெல்லிய தூரிகையை எடுத்து, ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே வெள்ளை பெயிண்டில் 'ஆன்' என்று தமிழில் எழுதினேன். இத்தனை வருடத்தில் கையால் தமிழ் எழுதும் பழக்கம் போய்விட்டது, இரண்டு சுழி கோணலாகத்தான் வந்தது. கார் இப்போது ஓடுகிறது. மகள் ஏறி உட்கார்ந்தால் இன்னமும் மேலேதான் தள்ளுகிறாள், நான் கையைப் பிடித்துக் கீழே தட்டவைக்கிறேன். அவன் வாரம் ஒருமுறை பேசுகிறான். கோயம்புத்தூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, இந்த நாட்டு விசாவுக்கு மறுபடி முயற்சி செய்துகொண்டிருக்கிறான். வந்தால் முதல் ரவுண்டு தெரு முனை வரைக்கும்தான், அதற்கு மேல் வேண்டாம் என்கிறான்.

எல்லாவற்றையும் பேசிவிட்டோம். ஒன்றே ஒன்றை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. திருப்பூரில் இருந்தபோது, "ஈரோடு இங்கேருந்து ஒரு மணி நேரம்தானே, போய்ப் பாத்துட்டு வந்துடலாமே" என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். நேரம் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று வாரமும் நான் மச்சான் வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.